நடந்துகொண்டிருக்கும் சிறுதொழிலை வாங்கக் கடன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்னொருவர் நடத்திவரும் தொழிலை விலைக்கு வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் "எந்த வங்கி கொடுக்கும், என்ன வட்டி" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தத் தொழில், இந்த விலைக்கு, தன் தவணையைத் தானே கட்டிக்கொள்ளுமா? கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இதைச் சுற்றியே வரும். சட்டமும் வரியும் நாட்டுக்கு நாடு மாறும். கூட்டல் கழித்தல் மாறாது.

புதிதாகத் தொடங்குவதைவிட, நடக்கிற தொழிலை வாங்கக் கடன் கிடைப்பது சுலபமா?

பொதுவாக ஆமாம். புதுத் தொழிலுக்குக் கையில் இருப்பது திட்ட அறிக்கை மட்டும்; அதில் உள்ள எண்கள் எல்லாம் எதிர்பார்ப்பு. நடக்கிற தொழிலுக்கு மூன்று வருட வரிக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட், வாடிக்கையாளர், பழகிய ஆட்கள் எல்லாம் இருக்கும். கடன் அதிகாரிக்கு மேலிடத்துக்கு எழுத ஏதாவது கிடைக்கிறது.

ஆனால் அதே கணக்கு உங்களுக்கு எதிராகவும் பேசும். புதுத் தொழிலில் "வளரும்" என்று சொல்லிவிடலாம். இங்கே போன வருடம் விற்பனை இறங்கியிருந்தால் அது கண்ணுக்குத் தெரியும், ஏன் என்று பதில் சொல்ல வேண்டியது வாங்குகிற நீங்கள்.

வங்கி முதலில் எதைப் பார்க்கும்?

வருடத்துக்குத் தொழிலில் மிஞ்சும் பணத்தையும், வருடத்துக்குக் கட்ட வேண்டிய அசல், வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் கடன் அடைக்கும் திறன் விகிதம். 1 என்றால் வருவது அத்தனையும் தவணைக்கே போகிறது. பெரும்பாலான கடன் அதிகாரிகள் 1.25க்குக் குறைந்தால் முகம் சுளிப்பார்கள். ஏறி இறங்கும் தொழிலுக்கு 1.5 வரை கேட்பவர்களும் உண்டு.

உங்கள் சொந்தக் கடன் வரலாறு, அந்தத் துறையில் அனுபவம், கையில் இருக்கும் பணம், பிணையாகத் தரக்கூடிய சொத்து எல்லாம் இதற்குப் பிறகுதான். இவை நன்றாக இருந்தால் இழுபறியான விகிதத்தைக் கொஞ்சம் தூக்கிவிடலாம். விகிதம் மோசமாக இருந்தால் இவை எதுவும் காப்பாற்றாது.

அந்தக் கணக்கை நானே போட்டுப் பார்க்க முடியுமா?

கட்டாயம் போட வேண்டும், வங்கிக்குப் போவதற்கு முன்பே. எந்த நாணயத்துக்கும் பொருந்தும்படி விலையை 100 என்று வைத்துக்கொள்வோம்.

விற்பவரின் கணக்கில் நிகர லாபம் 12 என்று இருக்கிறது. இதோடு சிலவற்றைக் கூட்ட வேண்டும். அவர் எடுத்துக்கொண்ட சம்பளம் 8. அவருடைய பழைய கடனுக்கு வட்டி 3. விற்றதும் அந்தக் கடன் முடிந்துவிடும், உங்களுக்கு வராது. தேய்மானம் 4, அது கணக்கில்தான் செலவு, கையிலிருந்து போன பணமில்லை. தொழில் செலவில் எழுதிய குடும்பக் கார் 1. மொத்தம் 28. விற்பவரும் தரகரும் காட்டும் எண் இதுதான். தவறில்லை, ஆனால் அரைகுறை.

இப்போது கழிக்க வேண்டியவை. விற்பவரின் மனைவி சம்பளமில்லாமல் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடத்துக்கு ஆள் போட 3. உங்கள் குடும்பம் நடக்க வேண்டுமே, அதற்கு 7. வரி 2. இயந்திரங்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகும், மாற்ற வருடத்துக்கு 2 ஒதுக்க வேண்டும். மிஞ்சுவது 14.

விலையில் உங்கள் பணம் 20, விற்பவர் பொறுத்து, பிறகு தவணையாக வாங்கிக்கொள்வது 15, வங்கிக் கடன் 65 என்று வைப்போம். 12 சதவீத வட்டியில் 7 வருடக் கடன் என்றால் வருடத் தவணை ஏறக்குறைய 13.8. விகிதம் 1.02. கதவு அங்கேயே சாத்தப்படும். அதே கடன் 10 வருடமானால் தவணை 11.2, விகிதம் 1.25. ஒப்புக்கொள்ள வாய்ப்பு உண்டு. காலத்தை நீட்டினால் மொத்த வட்டி கூடும் என்பது உண்மை, ஆனால் சிறுதொழிலில் மூச்சுவிட இடம் இருப்பது அதைவிட முக்கியம்.

இன்னும் ஒன்று பாக்கி. விற்பவரின் 15ஐயும் 8 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் அடைக்க வேண்டுமென்றால் வருடத்துக்கு இன்னொரு 3.65. இரண்டும் சேர்ந்து 14.8, வருவதோ 14. விகிதம் 1க்குக் கீழே போய்விட்டது. பலரும் இதைக் கூட்டாமலேயே "வங்கி ஓகே சொல்லிவிடும்" என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

இதே தொழிலை 85க்குப் பேசி முடித்து, வங்கிக் கடனை 50 ஆக்கினால் 10 வருடத் தவணை 8.6. விற்பவரின் தவணையையும் சேர்த்து 12.3 ஆகிறது, 14 வருகிறது. இன்னும் இறுக்கம்தான், ஆனால் பேசக்கூடிய நிலை. ஒரு சதவீத வட்டிக்காக நாலு வங்கி ஏறி இறங்குவதைவிட, விலையில் அடிக்கும் பேரம் பல மடங்கு பலன் தரும்.

"கணக்கில் காட்டியது பாதிதான், உண்மை லாபம் இரண்டு மடங்கு" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

ரொக்கம் புழங்கும் எல்லாத் தொழிலிலும் கேட்கிற வசனம் இது. உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் கடனுக்கு அந்தப் பாதி செல்லாது. வரித்துறைக்குக் காட்டாத வருமானத்தை வங்கி தன் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அதற்கும் சேர்த்து விலை கேட்டால், நிரூபிக்க முடியாத லாபத்துக்கு நிஜப் பணம் கொடுக்கிறீர்கள். வரி விஷயத்தில் ஏமாற்றியதை வாய்விட்டுச் சொல்பவர், உங்களிடம் மட்டும் நேர்மையாக இருப்பார் என்பதற்கும் உத்தரவாதமில்லை.

விற்பனையைச் சரிபார்க்க விற்பனைப் புத்தகத்தைப் புரட்டினால் போதாது. அதை அவரே எழுதியிருப்பார். வெளியாட்கள் எழுதிய காகிதங்களைப் பாருங்கள். மொத்த வியாபாரியின் கொள்முதல் பில், மின்கட்டணம், கார்டு இயந்திரத்தின் மாதாந்தர அறிக்கை, வங்கி ஸ்டேட்மென்ட். சலவை நிலையமென்றால் தண்ணீர் பில்லே பேசும்: ஒரு சுற்றுக்கு எத்தனை லிட்டர் என்று இயந்திரத்தின் கையேட்டில் இருக்கும், மாதத்துக்கு எத்தனை லிட்டர் என்று பில்லில் இருக்கும், வகுத்தால் எத்தனை சுற்று ஓடியது என்று வந்துவிடும். அதை ஒரு சுற்றின் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள். அவர் சொன்ன விற்பனைக்குக் கிட்டே வருகிறதா? எந்தத் தொழிலிலும் இப்படி மறைக்க முடியாத ஒரு செலவு இருக்கும், அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

கடைசி இரண்டு மூன்று மாத விற்பனை மட்டும் திடீரென்று ஏறியிருந்தால் சந்தேகப்படுங்கள். விற்க முடிவெடுத்த பிறகு கணக்கை அலங்கரிப்பது எல்லா ஊரிலும் நடப்பது.

என் கையிலிருந்து எவ்வளவு போட வேண்டும்?

10 முதல் 30 சதவீதம் வரை கேட்பார்கள். சொத்து அதிகமுள்ள தொழிலென்றால் குறைவு, பெயரையும் வாடிக்கையாளரையும் மட்டும் நம்பிய தொழிலென்றால் அதிகம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்பார்கள். சில மாதங்களாகக் கணக்கில் இருந்த சேமிப்பு நல்லது. போன வாரம் திடீரென்று வந்து விழுந்த தொகைக்கு விளக்கம் தேவைப்படும். உறவினர் கொடுத்ததென்றால் அது அன்பளிப்பா கடனா என்று எழுத்தில் கேட்பது வழக்கம். தனிநபர் கடன் வாங்கி முன்பணமாகக் காட்டுவது வேண்டாம். உங்கள் கடன் அறிக்கையில் அது தெரிந்துவிடும், தெரியாவிட்டாலும் தவணையைக் கட்டப்போவது நீங்கள்தான்.

விற்பவரே ஒரு பகுதியைப் பொறுத்து வாங்கிக்கொள்வார் என்கிறார்கள். அது நல்லதா?

மிக நல்லது, பணத்துக்காக மட்டுமில்லை. விலையில் ஒரு பங்கு இன்னும் அவருக்கு வர வேண்டியிருந்தால், வாடிக்கையாளரை அறிமுகப்படுத்த மாட்டேன், சப்ளையர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று இருக்க மாட்டார். ஒரு பைசாகூடப் பொறுக்க மாட்டேன், முழுத்தொகையும் கையெழுத்தன்றே வேண்டும் என்று அடம்பிடிப்பவர் தன் தொழிலின் நாளையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று யோசியுங்கள். (அவசரமான மருத்துவச் செலவு போன்ற நியாயமான காரணமும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.)

வங்கி ஒரு நிபந்தனை போடும்: தன் கடனுக்குப் பிறகுதான் விற்பவரின் பாக்கி. சில காலம் அவருக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றுகூட எழுதி வாங்கும். மேலே போட்ட கணக்கில் விகிதம் 1க்குக் கீழே போனதே, அதற்கு மருந்து இதுதான். இதை விற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கையெழுத்துக்கு முந்தின வாரம் சொன்னால் பேச்சே முறிந்துபோகும்.

சொத்து கொஞ்சம்தான், விலையில் பெரும்பங்கு நற்பெயருக்காம். அதற்குக் கடன் கிடைக்குமா?

கிடைக்கலாம், ஆனால் வங்கி பயந்து பயந்துதான் கொடுக்கும். தவணை நின்றால் அடுப்பையும் வண்டியையும் விற்றுக் கொஞ்சம் தேற்றலாம். நற்பெயரை ஏலம் போட முடியாது.

நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு. அந்த நற்பெயர் யாருடையது? வாடிக்கையாளர் வருவது இடத்துக்காகவா, பொருளுக்காகவா, அந்த மனிதருக்காகவா? ஆலோசகர், முடிதிருத்துபவர், பல் மருத்துவர் போன்றோரின் தொழிலில் பெரும்பாலும் மனிதருக்காகத்தான். அப்படியானால் அவர் ஆறு மாதமாவது கூட இருந்து கைமாற்றித் தர வேண்டும். அருகிலேயே புதிதாகத் தொடங்க மாட்டேன் என்றும் எழுதித் தர வேண்டும். விலையில் ஒரு பகுதியை "அடுத்த வருட விற்பனை இவ்வளவு இருந்தால் தருகிறேன்" என்று கட்டிவைப்பதும் உண்டு.

வீட்டை அடமானம் வைக்கத்தான் வேண்டுமா?

எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் தனிப்பட்ட ஜாமீன் ஏறக்குறைய எல்லா இடத்திலும் கேட்பார்கள். கம்பெனி பெயரில் கடன் வாங்கினால் நமக்குப் பொறுப்பில்லை என்ற நினைப்பு அந்த ஒரு கையெழுத்தோடு போய்விடும். ஜாமீனில் தொகைக்கு உச்சவரம்பு கேட்கலாம், பாதிக் கடன் அடைந்த பிறகு விடுவிக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்பவர்கள் குறைவு, கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். கணவன், மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டுமென்றால், இருவரும் உட்கார்ந்து அந்தப் பத்திரத்தை வரிவரியாகப் படித்த பிறகு போடுங்கள்.

கம்பெனியையே வாங்குவதா, அதன் சொத்துகளை மட்டுமா?

கம்பெனியின் பங்குகளை வாங்கினால் அதன் பழைய கடன், வரிப் பாக்கி, வழக்கு எல்லாம் கூடவே வரும். உரிமங்களும் ஒப்பந்தங்களும் பெரும்பாலும் அப்படியே தொடரும் என்பது லாபம். சொத்துகளை மட்டும் வாங்கினால் எதை எடுத்துக்கொள்கிறோம், எதை விடுகிறோம் என்று பட்டியல் போடலாம். இயந்திரங்களின் மேல் நேரடியாகப் பிணை எழுதலாம் என்பதால் வங்கிக்கும் இது பிடிக்கும். இந்தியாவில் பங்கு வாங்குவதற்கு வங்கிகள் கடன் கொடுப்பதில் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடுகள் பல வருடங்களாகவே இருந்துவந்தன. சிறுதொழில்கள் அங்கே பெரும்பாலும் சொத்து வழியாகவோ, மொத்தத் தொழிலாகவோ கைமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சொத்து மட்டும் வாங்கினால் பழைய பாக்கி எதுவும் தொடாது என்றும் நினைக்க வேண்டாம். இந்தியாவின் 2017 ஜிஎஸ்டி சட்டம் 85ஆம் பிரிவு, தொழிலைக் கைமாற்றும்போது அதுவரை பாக்கியுள்ள வரிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து பொறுப்பு என்கிறது. பணியாளர் விஷயத்தில் பிரிட்டனின் 2006 விதிகளும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001 வழிகாட்டுதலும், தொழில் கைமாறினால் வேலையாட்கள் பழைய நிபந்தனைகளோடும் பணிக்காலத்தோடும் புதிய முதலாளியிடம் வந்துசேர்வார்கள் என்று சொல்கின்றன. பத்து வருடம் வேலை செய்தவரின் பணிக்கொடை உங்கள் தலையில் விழலாம். விலை பேசும்போது அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அரசு உத்தரவாதத் திட்டங்கள் உதவுமா?

உதவும். அமெரிக்காவில் இதற்கென்றே பெயர்பெற்றது சிறுதொழில் நிர்வாகத்தின் 7(ஏ) கடன். உச்சவரம்பு 50 லட்சம் டாலர்; 1,50,000 டாலருக்கு மேற்பட்ட கடனுக்கு 75 சதவீதம் வரை அரசு உத்தரவாதம்; நிலம், கட்டடம் சேராத தொழிலுக்கு வழக்கமாக 10 வருடம் வரை அவகாசம். இந்தியாவில் குறு, சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளையின் வரம்பு 2025 ஏப்ரலிலிருந்து 10 கோடி ரூபாய். ஆனால் தொழிலை விலைக்கு வாங்குவதற்கென்று கேட்டால் கிளை மேலாளர் தயங்குவார். இயந்திரம் வாங்க, நடைமுறை மூலதனத்துக்கு (சரக்கு, சம்பளம் போன்ற அன்றாடச் செலவுக்கான பணம்) என்று பிரித்து, எது எதற்கு என்று தெளிவாக எழுதிக் கேட்பது நல்லது. நோக்கத்தை மாற்றி எழுதுவதைச் சொல்லவில்லை. ஒன்றுக்கு வாங்கி வேறொன்றுக்குச் செலவழித்தால் கடனையே திரும்பக் கேட்கலாம்.

உத்தரவாதம் வங்கிக்குத்தான், உங்களுக்கில்லை. தவணை நின்றால் வங்கிக்கு அரசு கொடுக்கும். கடன் உங்கள் பெயரில் அப்படியே இருக்கும்.

என்ன காகிதங்கள் தயாராக இருக்க வேண்டும்?

தொழிலின் மூன்று வருட வரிக் கணக்கு, இந்த வருடத்தின் இதுவரையிலான லாப நட்டக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட், சொத்துப் பட்டியல், யாரிடம் எவ்வளவு வர வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், வாடகை ஒப்பந்தம், உரிமங்கள். உங்கள் பக்கத்தில் அடையாளம், வரிக் கணக்கு, சொத்து விவரம், வேலை அனுபவம். பிறகு விலை எழுதிய உத்தேச ஒப்பந்தம். வர வேண்டிய பாக்கியை மட்டும் வயது வாரியாகக் கேளுங்கள்: ஒரு வருடத்துக்கு மேல் வராத பாக்கி பெரும்பாலும் வராத பாக்கிதான்.

எனக்கு அந்தத் துறையில் அனுபவமே இல்லை.

கஷ்டம்தான், முடியாததில்லை. வேறு துறையில் ஆட்களை வைத்து நடத்திய அனுபவம், கணக்கைப் படிக்கத் தெரிவது, இருக்கிற மேலாளர் தொடர்வார் என்ற எழுத்துப்பூர்வ உறுதி ஆகியவை கைகொடுக்கும். ஒரு மாதம் அங்கேயே போய் நின்று வேலை பார்க்க விற்பவர் அனுமதித்தால் விடாதீர்கள். வங்கிக்குக் காட்ட மட்டுமில்லை, உங்களுக்கே அந்தத் தொழில் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இடம் வாடகைக்கு இருக்கிறது. அதனால் சிக்கல் வருமா?

அதிகம் பேர் கடைசியில் பார்க்கிற, முதலில் பார்த்திருக்க வேண்டிய விஷயம் இது. கடன் 10 வருடம், வாடகை ஒப்பந்தம் இன்னும் 14 மாதம் என்றால் எந்த வங்கியும் யோசிக்கும். கட்டட உரிமையாளரை நேரில் பார்த்து, உங்கள் பெயருக்கு மாற்றச் சம்மதமா, எத்தனை வருடம், வாடகை எப்படி ஏறும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஆள் மாறும் சமயத்தில்தான் வாடகையை உயர்த்த அவருக்கும் வாய்ப்பு. மேலே போட்ட கணக்கில் வருட வாடகை 2 ஏறினால் 14 என்பது 12 ஆகிவிடும், 1.25 என்பது 1.07 ஆகிவிடும். உரிமங்களும் இப்படித்தான்: சில பெயர் மாற்றக்கூடியவை, சில புதிதாக விண்ணப்பிக்க வேண்டியவை. எது எந்த வகை என்பதைக் கொடுத்த அலுவலகத்திலேயே கேளுங்கள், விற்பவரிடம் கேட்காதீர்கள்.

நிலையான வட்டியா, மாறும் வட்டியா?

விகிதம் 1.3க்குள் இருந்தால் நிலையான வட்டி, கொஞ்சம் கூடுதலானாலும். நிறைய இடமிருந்தால் மாறும் வட்டி. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். கடன் கிடைக்காவிட்டால்?

ஒப்பந்தத்தில் "கடன் அனுமதி கிடைத்தால் மட்டுமே" என்ற வரி இருந்தால் திரும்பக் கேட்கலாம். இல்லையென்றால் விற்பவரின் நல்ல மனதைப் பொறுத்தது. இன்னும் கொடுக்காதவர்கள் அந்த வரியை எழுதி, கடைசித் தேதியும் போட்டு, பணத்தை வழக்கறிஞர் போன்ற மூன்றாம் ஆளிடம் வையுங்கள்.

வங்கி மறுத்துவிட்டது. அடுத்து?

காரணத்தைக் கேளுங்கள், முடிந்தால் எழுத்தில். உங்கள் கடன் வரலாறு காரணமென்றால் சரிசெய்ய மாதங்கள் ஆகும். பிணை போதாது என்றால் உத்தரவாதத் திட்டமோ பங்குதாரரோ உதவலாம். தொழிலின் வருமானம் போதாது என்றால், அந்தப் பதிலோடு விற்பவரிடம் திரும்பிப் போங்கள். "இந்த விலைக்கு வங்கி கொடுக்க மறுக்கிறது" என்பது நீங்கள் சொல்லும் எந்த வாதத்தையும்விட வலுவானது, ஏனென்றால் அடுத்து வருகிறவருக்கும் அதே பதில்தான் கிடைக்கும். அவர் இறங்கவில்லையென்றால் விட்டுவிடலாம். கூடுதல் வட்டிக்குத் தனியாரிடம் வாங்கி அதே விலையைக் கொடுப்பது, வங்கி மறுத்த கணக்கை இன்னும் மோசமாக்குவதுதான்.

விலைக்குச் சரியாகக் கடன் கிடைத்துவிட்டது. அது போதுமா?

போதாது. முதல் நாளே சரக்கு வாங்க வேண்டும், மாதக் கடைசியில் சம்பளம், மின்கட்டணம். பழைய சப்ளையர் விற்றவருக்கு 45 நாள் கடன் கொடுத்திருப்பார். உங்களைத் தெரியாததால் ரொக்கம் கேட்பார். அந்த ஒன்றிலேயே ஒன்றரை மாதக் கொள்முதல் பணம் தேவைப்பட்டுவிடும். வர வேண்டிய பாக்கியை விற்பவர் எடுத்துக்கொண்டால் முதல் சில வாரம் உள்ளே வரும் பணமும் குறைவு. ஆகவே மூன்று மாதச் செலவைத் தனியாகக் கணக்கிட்டு, நடைமுறை மூலதனத்துக்கு ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேலும் ஒரு வரம்பு வரை எடுத்துக்கொள்ளும்) வசதியை அதே விண்ணப்பத்திலேயே கேளுங்கள். வாங்கி இரண்டாம் மாதம் போய்க் கேட்டால் உங்கள் பெயரில் காட்ட ஒரு மாதக் கணக்குதான் இருக்கும். அசல் கட்டுவதற்கு மூன்று முதல் ஆறு மாத அவகாசமும் பல வங்கிகள் தரும். கேட்காதவர்களுக்குத் தாமாக எழுதித் தர மாட்டார்கள்.